அல்ஜீப்ராவை விட்டுவிடு மகளே

என் அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். வீட்டுச் சுவர்கள் அவ்வளவு சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். நீ சுகமாக இல்லை என்பது உன் குரலிலேயே தெரிந்துவிட்டதால், நலமறிய ஆவல் என்று சம்பிரதாயத்துக்கு எழுதாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம்தான். போன் என்றால் நீ குறுக்கே பேசுவாய், உன் அம்மா பக்கத்தில் நின்று கையை ஆட்டுவாள், சொல்ல வந்தது மறந்துபோகும்.

போன வாரம் நீ, "எனக்கு மூளை இல்லப்பா, அல்ஜீப்ரா வராது, இந்தத் தடவை பேர் குடுக்கப் போறதில்ல" என்றாய். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய் கழுவி அடுக்குகிற வேலையிலிருந்து, நீயே பரிசோதனை செய்கிற வேலைக்கு ஏறுவதற்கு இந்த ஒரு பேப்பர்தான் குறுக்கே நிற்கிறது, இரண்டு முறை தவறிவிட்டது, மாதக் கடைசிக்குள் மறுபடி தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது அல்ஜீப்ரா ஒன்றுதான். என் பெண்ணை அழவைக்க அது யார் என்று ஒரு கை பார்த்துவிடலாம் என்று, உன்னிடம் சொல்லாமல் நீ சேர்ந்திருந்த அதே ஆன்லைன் வகுப்பில் நானும் சேர்ந்துவிட்டேன். 'அன்றாடக் கணக்குகள் வழியே கல்லூரி அல்ஜீப்ரா' என்று போட்டிருந்தது. நானும் அன்றாடம் வாழ்கிறவன்தானே என்று துணிந்துவிட்டேன்.

வாத்தியார் நல்ல மனிதர்தான். ஆனால் நாலு வரிக்கு ஒரு தரம் 'பயப்பட வேண்டாம்' என்கிறார். டாக்டர் அப்படிச் சொன்னால்தான் நமக்குப் பயமே வரும். முதல் கணக்கிலேயே இரண்டு பேருந்துகளை ஒரே சாலையில் எதிரெதிரே கிளப்பிவிட்டு, எப்போது சந்திக்கும் என்று கேட்டார். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறவன் டிரைவரா, எப்போது சந்திப்போம் என்று பேனாவை எடுக்கிறவன் டிரைவரா? அதோடு அந்த வண்டிகள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, டயர் பஞ்சராகவில்லை, ஒரு பிள்ளையும் வாந்தி எடுக்கவில்லை. இதையெல்லாம் கீழே கருத்துப் பகுதியில் எழுதினேன். "ஐயா, அதையெல்லாம் இப்போதைக்குப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் போட்டார். வைத்துக்கொள்ளலாம். அப்புறம் வண்டியை யார் கழுவுவது?

அடுத்தது பழரசக் கணக்கு. இனிப்பு கூடியது ஒன்று, குறைந்தது ஒன்று, இரண்டையும் எவ்வளவு கலந்தால் நடுத்தரமாக வரும் என்று. காகிதத்தில் விடை சரியாகத்தான் வந்தது. என் புத்தி சும்மா இருக்குமா? சமையலறையில் போய்ச் செய்து பார்த்தேன். இனிப்பு கூடியதற்குத் தண்ணீர், தண்ணீர் கூடியதற்குச் சர்க்கரை என்று சரிபார்த்துக்கொண்டே போனதில் ஒரு குவளைக் கணக்கு ஒரு அண்டாவாகிவிட்டது. பள்ளி உணவகத்தில் நூறு பேருக்குச் சமைத்துவிட்டு வந்த உன் அம்மா அந்த அண்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்ப் படுத்துவிட்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் வயதுக் கணக்கு. அப்பாவின் வயது எப்போது மகளின் வயதைப் போல மூன்று மடங்காகும்? வாத்தியார் கொடுத்த வயதுகளை விட்டுவிட்டு என் ஐம்பத்தெட்டையும் உன் இருபத்தாறையும் போட்டேன். கழித்தல் பத்து என்று வந்தது. திரும்பத் திரும்பப் போட்டாலும் கழித்தல் பத்துதான். தப்பு என்று நினைத்து வாத்தியாரைக் கேட்டேன். "தப்பில்லை ஐயா, அது பத்து வருஷத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம்" என்றார். எனக்கு நாற்பத்தெட்டு, உனக்குப் பதினாறு. அந்த வருஷம் முழுக்க நீ என் வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாய். அப்போது யாராவது சொல்லியிருந்தால் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டியிருப்பேன். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் படிக்கவில்லை.

கடைசியாகச் சுவர். ஒருவர் ஒரு அறைக்கு வண்ணம் பூச ஆறு மணி நேரம், இன்னொருவருக்கு நாலு மணி நேரம், சேர்ந்து பூசினால் எவ்வளவு நேரம்? உன் அறைக்கு எப்படியும் பூச வேண்டியிருந்தது. நான் ஆறு, அவள் நாலு என்று உன் அம்மாவே முடிவு கட்டினாள். எப்படித் தெரியும் என்றால், உங்களை எனக்குத் தெரியாதா என்கிறாள். கணக்குப்படி இரண்டு மணி நேரமும் சொச்சமும். காலையில் தொடங்கியவர்கள் விளக்குப் போடுகிற நேரத்திலும் பாதிச் சுவரில்தான் நின்றோம். காரணம் பேச்சு. நீ வெளியூர் போன பிறகு நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை, எல்லாம் உன்னைப் பற்றித்தான். நடுவில் உன் அம்மா தூரிகையை டப்பாவில் வைத்துவிட்டு, "அவளுக்கு ஒத்தாசையா இருக்கணும்னு சேந்தீங்களா, இல்ல அவ விட்டுட்டு வர ஒரு சாக்குத் தேடிச் சேந்தீங்களா?" என்று கேட்டாள். வண்ணம் காய்ந்துவிடும், வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வாத்தியார் சொன்னதில் ஒன்றுதான் மனசில் நிற்கிறது. தெரியாததைக் கண்டு ஒதுங்காதே, அதற்கு எக்ஸ் என்று பெயர் வை, வீட்டு மனுஷனைப் போல அதோடு பழகு, கூட்டு, கழி, கடைசியில் அதுவே தன்னைக் காட்டிவிடும் என்றார். நானோ தெரியாத சந்தில் வண்டியை விட்டதே கிடையாது. இத்தனை வயதுக்கு மேல் பழகச் சொன்னால் எப்படி?

ஆகவே அப்பா நன்றாக ஆராய்ந்து சொல்கிறேன் கண்ணு, இந்த அல்ஜீப்ரா அன்றாடத்துக்கு உதவாது. உனக்கு மூளை இல்லை என்று இன்னொரு தரம் சொல்லாதே, எனக்குத் தாங்கவில்லை. பெயர் கொடுக்காதே, விட்டுவிட்டு வந்துவிடு. இங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் கேட்கிறார்கள், நான் பேசிவைத்திருக்கிறேன். அறையும் தயார், மேல்கூரைக்கு வண்ணம் பூசுவது மட்டும் பாக்கி.

வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கிருந்தாலும் தீங்கொன்றும் அண்டாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: அம்மா எழுதுகிறேன். தபாலில் போடக் கொடுத்தார், படித்துவிட்டேன். மேலே உள்ள ஆராய்ச்சியை நம்பாதே. வகுப்பைத் தான் விட்டுவிட்டதாக அவர் எங்கேயாவது எழுதியிருக்கிறாரா பார். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்த வாத்தியார் முகத்தில்தான் விழிக்கிறார். வகுப்பில் வைத்த தேர்வில் பாதிக்கு மேல் சரியாகப் போட்டார். அதைச் சொன்னால் உனக்குத் தெம்பு வந்து அங்கேயே இருந்துவிடுவாயாம், மறைத்துவிட்டார். இவ்வளவு எழுதிய மனுஷன் விடையை மட்டும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். உன்னைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. எனக்கும்தான். ஆனால் அது எங்கள் கணக்கு, நாங்கள் போட்டுக்கொள்கிறோம். நீ பேர் கொடு.