பன்னிரண்டு பேர் மட்டுமே ஓடுகிறோம்

புகைப்படத்தில் இருந்த தலைகளைச் சீனிச்சாமி மறுபடியும் எண்ணிப் பார்த்தார். நூறைத் தாண்டியதும் கணக்குத் தப்பியது. மறுபடி முதல் தலைக்கே போனார்.

"என்னங்க, பங்க்சர் ஒட்ட வந்தவரு எம்புட்டு நேரமா நிக்கிறாரு! அந்தப் போட்டோவுல அப்படி என்னதான் இருக்கு?" என்றாள் அவர் மனைவி பாண்டியம்மாள்.

"டெல்லிக்காரன் என்னைய ஏமாத்துக்காரன்னு எழுதிட்டான், பாண்டி."

"ஒங்களையா? வாடகைக்கு விட்ட சைக்கிளத் திருப்பிக் கேக்கவே கூச்சப்படுற ஆளு நீங்க. ஏமாத்தத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் இந்தக் கவரிங் கம்மலோட நிக்கிறேன்?"

சீனிச்சாமிக்குப் போடிநாயக்கனூர் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகைச் சைக்கிள் கடை. போடி ஓட்டப்பந்தய மன்றத்தின் செயலாளரும் அவர்தான். மன்றத்தில் செயலாளரைத் தவிரப் பன்னிரண்டு உறுப்பினர்கள். அவர்களில் பதினோரு பேர் தொந்தியைக் குறைக்கலாம் என்று சேர்ந்த பஜார் கடைக்காரர்கள். மிச்சமிருக்கும் ஒரே ஆள் பொன்னுமணி, சீனிச்சாமியின் அக்கா மகள். மன்றத்தில் ஓட்டம் என்று சொல்லத்தக்க விதத்தில் ஓடுகிறவள் அவள் ஒருத்திதான்.

குரங்கணிச் சாலையில் ஜீப்பையே பின்னால் விட்டுவிட்டு ஏறுகிற பெண் அவள். பெங்களூரில் நடக்கப் போகும் அகில இந்தியப் போட்டியில் ஒரு பரிசு வாங்கிவிட்டால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை. அவளுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டால் தன் ஜென்மம் சாபல்யம் அடைந்துவிடும் என்று சீனிச்சாமி நினைத்தார்.

பெங்களூர் போக டெல்லியில் இருக்கும் ஓட்டப்பந்தயச் சம்மேளனம் அனுமதிச் சீட்டு தர வேண்டும். சந்தா பாக்கி வைத்திருக்கும் மன்றத்துக்குச் சீட்டு கிடையாது. சீனிச்சாமி பன்னிரண்டு பேருக்கும் ஒழுங்காகச் சந்தா கட்டியிருந்தார். அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். போடியின் பெருமை டெல்லிக்கும் தெரியட்டுமே என்று, தை மாதம் நடத்திய பந்தயத்தின் புகைப்படத்தில் ஒரு பிரதியையும் சேர்த்து அனுப்பினார். அங்கேதான் சனி பிடித்தது.

பந்தயம் கிளம்பிய அதே நேரத்தில் போடிமெட்டுக்குப் போகும் எஸ்டேட் ஜீப்புகளும் கிளம்பியிருக்கின்றன. மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் ஆட்கள் ஜீப்பில் இடம் பிடிக்க ஓடுவது போடியில் அன்றாடம் நடப்பது. புகைப்படத்தில் முன்னால் பன்னிரண்டு பேர் அரைக்கால் சட்டையில் ஓட, பின்னால் பாதி ஊர் தூக்குவாளியும் கையுமாக ஓடி வந்தது.

டெல்லியிலிருந்து பதில் வந்தது. 'படத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஓடுகிறார்கள். அனைவருக்கும் சந்தா அனுப்பவும். தூக்குவாளியுடன் ஓடுவது விதிகளுக்குப் புறம்பானது.'

சீனிச்சாமி உடனே எழுதினார். 'அவர்கள் ஓட்டக்காரர்கள் அல்லர், ஐயா. வேலைக்குப் போகிறவர்கள். தினமும் காலையில் இப்படித்தான் ஓடுவார்கள்.'

'தினமும் ஓடுவதைத் தாங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி. தினமும் ஓடுவதற்குப் பெயர் பயிற்சி. பயிற்சி பெறுவோர் அனைவரும் உறுப்பினர்களே' என்று பதில் வந்தது.

அப்போது யோசனை சொன்னவள் பாண்டியம்மாள். "பக்கத்துல தேவாரம் ஊருக்குள்ள யானை எறங்குறது ஊருக்கே தெரியும். அன்னைக்கு இங்கயும் ஒரு யானை வந்துருச்சு, அதுக்குப் பயந்துதான் சனம் ஓடுச்சுன்னு எழுதிப் போடுங்க. டெல்லிக்காரன் வந்து யானையவா கேக்கப் போறான்?"

டெல்லிக்காரன் யானையைத்தான் கேட்டான். அந்தக் கடிதம்தான் இப்போது சீனிச்சாமியின் மடியில் கிடந்தது. 'பந்தயத்தில் வனவிலங்கைப் பயன்படுத்தியது பற்றி விசாரிக்கவும், போடியில் உண்மையில் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று நேரில் பார்க்கவும் சனிக்கிழமை காலை அதிகாரி திரு. சதுர்வேதி வருகிறார். அதுவரை அனுமதிச் சீட்டு இல்லை.'

"நான் சொன்னதத்தானே எழுதினீக? யானை எந்தப் பக்கம் போச்சுன்னும் சேத்து எழுதியிருக்கணும்" என்றாள் பாண்டியம்மாள்.

கடைக்குள் வந்த பொன்னுமணி கடிதத்தை வாங்கிப் படித்தாள். முகம் சுருங்கியதே தவிர அவள் அழவில்லை. "விடுங்க மாமா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் ஒங்க ஆத்தா ஒனக்கு மாப்ளை பாத்துருவா தாயி. அப்பறம் நீ அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவுலதான் ஓடணும். நான் இருக்கேன்ல, நீ போய்ப் பயிற்சி எடு" என்றார் சீனிச்சாமி. என்ன செய்யப் போகிறோம் என்பது அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கியபோது அவருக்கு வழி பிறந்தது. கடை முன்னால் கிடந்த பெஞ்சின் மீது ஏறி நின்றுகொண்டார்.

"எல்லாரும் கேளுங்க! நாளைக்குக் காலைல போடியில ஒருத்தரும் ஓடக்கூடாது. மன்றத்து ஆளுக மட்டுந்தேன் ஓடணும்."

எஸ்டேட் ஆட்களில் ஒச்சம்மாள் குரலுக்குத்தான் மதிப்பு அதிகம். அவள் தலைச்சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "ஓடலைன்னா ஜீப்புல எடம் யாரு குடுப்பா? நேரங்கழிச்சுப் போனா அந்த மலையாளத்துக் கங்காணிச் சேட்டன் 'நாளெ வா'ன்னு திருப்பி விட்டுருவாரு. ஒரு நாக் கூலிய நீங்க தருவீகளா அண்ணே?"

"ஓடத்தான் கூடாதுன்னேன். வெரசா நடங்க! இங்க பாருங்க, ரெண்டு காலும் சேந்தாப்புல தரைய விட்டு எந்திரிச்சா அது ஓட்டம். எப்பவும் ஒரு கால் தரையில இருந்துச்சுன்னா அது நடை. நடைக்கு டெல்லிக்காரன் மட்டுமில்ல, எவனும் ஒண்ணும் கேக்க முடியாது."

சொன்னதோடு நிற்காமல் பெஞ்சிலிருந்து இறங்கி நடந்தும் காட்டினார். முழங்கையை மடக்கி, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டிவெட்டி, ஒரு கால் ஊன்றிய பிறகே மறு காலை எடுத்தார். ஸ்டாண்டே கொல்லென்று சிரித்தது.

"ஒட்டடைக்குச்சிக்குக் கால் மொளச்ச மாதிரி இருக்கு" என்றாள் பாண்டியம்மாள்.

"சிரிக்காதீங்கப்பா. எல்லாம் நம்ம பொன்னுமணிக்காகத்தான்" என்றார் சீனிச்சாமி.

சிரிப்பு நின்றது. ஒச்சம்மாளின் மகளுக்குப் பிரசவ வலி கண்ட நாளில் குரங்கணியிலிருந்து ஓடியே வந்து ஜீப்பை அனுப்பி வைத்தவள் பொன்னுமணி.

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? நாளைக்கு எவன் கால் தரைய விட்டு எந்திரிக்குதுன்னு நான் பாத்துக்குறேன்" என்றாள் ஒச்சம்மாள்.

ஜீப் டிரைவர் காசிமாயன் தன் பங்குக்கு உதவி செய்ய வந்தான். "மாப்ளே, நாளைக்கு ஜீப்புகள ஸ்டாண்டுல நிறுத்தல. மேற்க, மெட்டு ரோடு ஆரம்பிக்கிற மொகனைக்குக் கொண்டு போயிர்றோம். அதிகாரி ஸ்டாண்டுல உக்காந்து ஈ ஓட்டிட்டுப் போகட்டும்."

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. எஸ்டேட் ஆட்கள் எல்லாரும் ஊரின் கிழக்கே குடியிருப்பவர்கள், ஜீப்பைப் பிடிக்க இனி முழு பஜாரையும் அதிகாரியின் கண் முன்னால் கடந்தாக வேண்டும் என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் சதுர்வேதி வந்து இறங்கினார். நெட்டையான மனிதர், வெள்ளை ஷூ, கழுத்தில் பந்தய நேரம் பார்க்கும் கடிகாரம். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல மதுரையிலிருந்து தவசி என்ற சம்மேளனக் குமாஸ்தா கூட வந்திருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அதிகாரி முதலில் கேட்டது, யானை எங்கே என்பதுதான்.

"அது போயிருச்சுங்க" என்றார் சீனிச்சாமி.

மன்றத்து ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள். பொன்னுமணி கண்மூடித் திறப்பதற்குள் தெருவைத் தாண்டிப் போனாள். கடைக்காரர்கள் பதினோரு பேரும் ஜவுளிக்கடை ராக்கையா தலைமையில் மூச்சிரைக்க அவள் பின்னால் போனார்கள். அதிகாரி கொட்டாவி விட்டார். சீனிச்சாமிக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் மேற்கே ஜீப் ஹாரன் அடித்தது. கூடவே யாரோ கத்தினார்கள். "ரெண்டு ஜீப்பு ஸ்டார்ட் ஆகலையாம்! எடம் கொஞ்சந்தான் இருக்காம்!"

கிழக்கேயிருந்து வந்துகொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு கிளம்பியது. ஒருவரும் ஓடவில்லை. ஆனால் அப்படி ஒரு நடையைப் போடி அதற்கு முன் பார்த்ததில்லை. முழங்கைகள் முன்னும் பின்னும் குத்த, இடுப்புகள் வெட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு நூற்றுச் சொச்சம் பேர் தரையை விடாமல் பறந்தார்கள். ஒச்சம்மாள் முதல் ஆளாக வந்தாள். அவள் தூக்குவாளியில் கஞ்சி தளும்பக்கூட இல்லை. சைக்கிளில் போன ஒருவரைத் தாண்டினாள், பிறகு ராக்கையாவையும் தாண்டினாள்.

"ஆத்தா, கொஞ்சம் மெதுவாப் போ! நான் ஓடிக்கிட்டு இருக்கேன், மானம் போகுது!" என்று ராக்கையா மூச்சு வாங்கினார்.

"ஓடுறவுக ஓரமா ஓடுங்க! நடக்குறவுகளுக்கு வழி விடுங்க!"

அதிகாரி டீ கிளாசை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். தெருவுக்கு ஓடினார். கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து, கடந்து போகிற கால்களை உற்றுப் பார்த்தார்.

"என்னத்தத் தேடுறாரு?" என்றார் சீனிச்சாமி.

"காலப் பாக்குறாரு. ரெண்டு காலும் தரைய விடுதான்னு" என்றார் தவசி.

சரியாக அந்த நேரத்தில், தூங்கிவிட்டுத் தாமதமாக வந்த மொக்கையன் பழக்கதோஷத்தில் ஓட்டம் எடுத்தான். சீனிச்சாமிக்கு உயிரே போய்விட்டது.

"மொக்கையா! தரை! தரை!"

மொக்கையன் பதறிப்போய்க் காலை ஊன்றி, இடுப்பை வெட்டி, நடையில் சேர்ந்துகொண்டான். கூட்டம் மேற்கே போனது. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அதிகாரியும் பக்கத்திலேயே ஓடினார். நடக்கிறவர்களோடு ஈடுகொடுக்க அவர் ஓட வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது அவர் சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல இருந்தது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. தவசியிடம் மூச்சு விடாமல் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். பிறகு சீனிச்சாமியின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

"இவுக தினமும் இப்படியா நடப்பாங்கன்னு கேக்குறாரு" என்றார் தவசி.

கடிதத்தில் 'தினமும்' என்று எழுதி மாட்டிக்கொண்ட சீனிச்சாமி இந்த முறை கெட்டியாக இருந்தார். ஓடுவதாகச் சொன்னால்தானே ஆபத்து?

"தினமும் நடைதான் ஐயா! பொறந்ததுல இருந்தே நடைதான்! இந்தச் சனத்துக்கு ஓடத் தெரியவே தெரியாது!"

அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"எத்தனையோ ஊரு பாத்திருக்காராம். இப்படி ஒரு ஊரப் பாத்ததே இல்லையாம்" என்றார் தவசி. "நீங்க எழுதினதுதான் சரியாம். ஓடுறது பன்னெண்டு பேருதான். பாக்கி எதுவும் கெடையாது. யானை விசாரணையும் முடிஞ்சுபோச்சு."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அதிகாரி அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பொன்னுமணி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. "மாமா" என்பதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சீனிச்சாமி கண்ணைத் துடைக்கிறேன் என்று கடையின் எண்ணெய்த் துணியால் துடைத்து, முகமெல்லாம் கரியாக நின்றார்.

"மொகத்தக் கழுவிட்டு வாங்க, டெல்லிக்காரர் பயந்துறப் போறாரு" என்ற பாண்டியம்மாள் எல்லாருக்கும் சூடாகப் பணியாரம் எடுத்து வந்தாள். கணவனின் இலையில் மட்டும் இரண்டு கூடுதலாக வைத்தாள். டெல்லியையே ஜெயித்துவிட்ட மனுஷன் என்று அவளுக்கு அன்றைக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

மத்தியானம் மதுரை பஸ்சுக்கு ஊரே திரண்டு வந்தது. அதிகாரி ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையைப் போலக் கை ஆட்டினார். சீனிச்சாமி தலைக்கு மேல் கும்பிட்டார். அவர் வாழ்க்கையில் இத்தனை நிறைவான நாள் வந்ததில்லை.

பஸ் நகரும்போது தவசி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஐயா எதுக்கு அம்புட்டுச் சந்தோசப்பட்டாருன்னு சொல்ல மறந்துட்டேனே அண்ணே, எங்க சம்மேளனத்துல வேக நடைன்னும் ஒரு போட்டி இருக்கு, அதுக்குச் சந்தா ரெட்டிப்பு, நூத்துச் சொச்சம் பேரு இருக்குற போடி நடை மன்றத்துக்குச் செயலாளர்னு ஒங்க பேரத்தான் எழுதியிருக்காரு!"