கயிற்றில் தொங்கியபடி ஒரு வாக்கெடுப்பு

ஒரு காட்டில் எல்லாம் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. நாலு மிருகங்கள் செங்குத்துப் பாறையில் ஒரே கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாருக்கும் மேலே கரடி. அதுதான் தலைவர். அதற்குக் கீழே நரி, பிறகு முயல், கடைசியில் வரையாடு.

வழி தெரிந்தது வரையாட்டுக்கு மட்டும்தான். ஆனால் தலைவர் இருக்கும்போது இன்னொருத்தர் முன்னால் போகலாமா? அதனால் அது பின்னாலிருந்தே, “இடது பக்கம் தலைவரே, இடது!” என்று கத்திக் கத்திக் கூட்டிவந்தது.

கிளம்பும்போது ஒரு பேச்சு பேசியிருந்தார்கள். மேகம் கழுகுப்பாறைக்கு இறங்கினால், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். சொன்னதே கரடிதான். எல்லாரும் கைதட்டினார்கள்.

இப்போது கழுகுப்பாறையையே காணோம்.

“தலைவரே, மேகம் இறங்கிருச்சு. திரும்பிரலாம்,” என்றது வரையாடு.

“அது மேகம் இல்லய்யா, புகை. யாரோ சமைக்கிறாங்க,” என்றது கரடி.

“வாசனைகூட வருது தலைவரே,” என்றது நரி.

கரடி திரும்ப மறுத்ததற்கு உண்மையான காரணம் வேறு. காட்டு முகப்பில் கரடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தாகிவிட்டது: ‘சிகரம் தொட்ட சிங்கமே!’ கரடி எப்படிச் சிங்கமாகும் என்று என்னைக் கேட்காதீர்கள். தொடுவதற்கு முன்னாலேயே ஏன் வைத்தார்கள் என்று கேளுங்கள். அது நல்ல கேள்வி.

முயல் அழுதது. “எனக்கு விரலெல்லாம் மரத்துப்போச்சு. என் குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கல. நான் விழுந்தா அதுங்க பாலில்லாம செத்துரும்.”

“சரி, நான் ஒண்ணும் சர்வாதிகாரி இல்ல. ஓட்டு எடுத்துரலாம். இறங்கணும்கிறவங்க கையைத் தூக்குங்க,” என்றது கரடி. வரையாடு வேலைக்கு வந்த ஆள் என்பதால் அதற்கு ஓட்டுக் கிடையாது.

கயிற்றில் தொங்குகிறவன் கையைத் தூக்கினால் என்ன ஆகும்? முயல் தூக்கியது. விழுந்தது. நேராக வரையாட்டின் கொம்பில் வந்து மாட்டிக்கொண்டது.

“ஒரே ஓட்டு. தோத்துருச்சு,” என்றது கரடி.

“அதுவும் செல்லாத ஓட்டு தலைவரே. ரெண்டு கையையும் தூக்கிருச்சு,” என்றது நரி.

“அக்கா, கொம்பை விட்றாதீங்க,” என்று முயலிடம் சொல்லிவிட்டு வரையாடு இறங்க ஆரம்பித்தது.

“யோவ்! அதை அந்தத் திட்டுல வச்சுட்டு மேல வாய்யா! தலைவர் சொல்றேன்!”

வரையாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி இடது எது, வலது எது என்று கத்த ஆளில்லை. கரடி மேலே பார்த்தது. வெறும் வெள்ளை. தொண்டையைச் செருமிக்கொண்டது. “நல்லா யோசிச்சு, இறங்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

“அருமையான முடிவு தலைவரே!” என்றது நரி. அது ஏற்கெனவே பாதி தூரம் இறங்கியிருந்தது.

அடிவாரத்தில் கரடிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், முயலின் உயிரைக் காப்பாற்றியதற்காக. முயல் அதைப் பார்க்க நிற்கவில்லை. குட்டிகளுக்குப் பால் கொடுக்க ஓடிவிட்டது. அப்புறம் அதே மேடையில் வரையாட்டை நிற்கவைத்து விசாரணை. குற்றத்தை நரி மைக்கில் வாசித்தது:

“முயலை வழியிலேயே விட்டுவிட்டு மேலே வரும்படி தலைவர் உத்தரவிட்டார். வரையாடு வரவில்லை.”

நீதி: தலைவர் பேச்சைக் கேட்டால் செத்துப்போவோம். கேட்காவிட்டால் மெமோ வரும். மெமோவைக் கையெழுத்துப் போட்டு வாங்க உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.