சாட்சியோடு ஒரு தூக்கம்

ஊழியர்கள் உற்சாகமாக இருக்க வேண்டும் என்று எங்கள் தலைமை அலுவலகம் மேலான கருணையோடு முடிவு செய்தது. ஆகவே ஆண்டுக்கு மூன்று நாள் கட்டாய ஓய்வு. கடலோரச் சதுப்பில், ஆற்றங்கரை விடுதி ஒன்றில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும். எடுத்ததற்குச் சான்றிதழ் தர வேண்டும். தராதவருக்குப் பதவி உயர்வு கிடையாது.

சான்றிதழ்ப் படிவத்தைத் தயாரித்தவர் விடுப்புப் பிரிவின் தலைமை எழுத்தர். பதினொரு கட்டங்கள். இருபது ஆண்டுகளாக எங்கள் காய்ச்சலையெல்லாம் கையொப்பம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய புண்ணியவான். கண்காணிப்பாளர் பதவி அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், முதல் ஆளாக மனைவியோடு கிளம்பினார்.

விடுதியில் காலை ஆறு மணிக்கு மௌனம், ஏழுக்கு மூச்சு, எட்டுக்குச் சேற்றுப் பூச்சு, ஒன்பதுக்குக் கொக்கு பார்த்தல். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து. இரண்டே நாளில் மனிதர் பாதி ஆளாகிவிட்டார்.

மூன்றாம் நாள் பகலில், 'ஆழ்ந்த ஓய்வு' வகுப்புக்காக அக்கரைக்குப் படகில் போனார்கள். வழியில் கடல் உள்வாங்கி ஆற்றில் நீர் வடிந்து, படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. மறுபடி நீர் ஏறும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. தலைமை எழுத்தர் பலகையில் சாய்ந்தார். மூன்று மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். பாவம், நன்றாகத்தான் தூங்கினார்.

கரையேறியதும் விடுதியின் ஓய்வு அதிகாரி கேட்டார்.

"ஓய்வு வகுப்புக்கு ஏன் சார் வரல?"

"தூங்கிட்டேன்."

"தூங்கினா எப்படி சார் ஓய்வெடுக்க முடியும்? பதினோராம் கட்டம் காலியா இருக்கு பாருங்க. நேரில் கண்ட சாட்சி யாரு?"

"நான் பார்த்தேன்," என்றார் மனைவி. "இவர் விட்ட குறட்டையில கொக்கெல்லாம் பறந்துடுச்சு."

"உறவினர் சாட்சி செல்லாதுன்னு படிவத்துல அடியில போட்டிருக்கும்மா."

"எந்த மகானுபாவன் போட்டது?"

தலைமை எழுத்தர் ஆற்றைப் பார்த்தார்.

படகோட்டியைக் கூப்பிட்டார்கள். "நானும் தூங்கிட்டேங்க," என்றார் அவர். உண்மை பேசுகிறவர்களால் யாருக்கு என்ன லாபம்?

அதிகாரி யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. எங்க முன்னாடி இன்னொரு தடவை தூங்கிக் காட்டுங்க."

வராந்தாவில் சாய்வு நாற்காலி வந்தது. நான்கு பேர் குறிப்பேட்டோடு சுற்றி உட்கார்ந்தார்கள். தூக்கம் எங்கிருந்து வரும்? கண்ணை இறுக்கி மூடிக் குறட்டையை வரவழைத்தார். மூக்கின் மேல் கொசு உட்கார்ந்து சாவகாசமாகக் கடித்தது. அசையவில்லையே! பதவி உயர்வு சும்மாவா?

'அசல் தூக்கம். தரம்: மிக நன்று' என்று எழுதி முத்திரை குத்தினார்கள்.

"அப்போ படகுல தூங்கினது?" என்றார் மனைவி.

"அது அனுமதி இல்லாத தூக்கம்மா. விளக்கம் கேக்காம விட்டோமேன்னு சந்தோஷப்படுங்க."

கண்காணிப்பாளரான பிறகும் தலைமை எழுத்தர் பட்ட பாட்டை மறக்கவில்லை. முதல் வேலையாகப் படிவத்தைத் திருத்தினார். பன்னிரண்டாம் கட்டம் ஒன்று சேர்ந்தது: 'சாட்சி விழித்திருந்ததை நேரில் கண்டவர் கையொப்பம்.'

நாங்கள் சும்மா விடுவோமா? கொதித்துப் போனோம். சங்கத்தைக் கூட்டி, கோஷம் போட்டு, இரண்டு நாள் வேலையை நிறுத்திப் போராடி வென்றோம். இப்போது அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள்; கையெழுத்துப் போட இடம் தாராளமாக இருக்கிறது.