காலிக் கதிரைக்கு ஒரு பிரதம விருந்தினர்

உலக வரலாற்றில் கலையைக் காப்பாற்றியவர்கள் மூன்று வகையினர்: மன்னர்கள், கோயில்கள், கொண்டோ என்ற அடுக்குமாடி வீடுகள் கட்டும் கம்பனிகள். முதல் இரு வகையினரும் களைத்துப் போனதால், ரொறன்ரோவில் முழுப் பாரமும் எங்கள் கம்பனியின் தோளில் விழுந்தது. அங்கே 'சமூக அன்பு'ப் பிரிவில் வேலை பார்க்கும் பேறு பெற்றவள் நான்.

நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பழைய மண்டபம். ரிவ்கா என்ற பெண்மணி அதை வாடகைக்கு எடுத்து, யூதர்களின் பரிசோதனை நாடகங்களைப் பல வருடங்களாக மேடையேற்றி வந்தார். அந்த மண்டபத்தை எங்கள் கம்பனி வாங்கியது. வாங்கிய கையோடு நாடகக் குழுவுக்கு 'ஆதரவு'ம் அறிவித்தது. எந்த வீட்டுக்காரருக்கு இந்த மனசு வரும்?

கூட்டத்தில் ரிவ்கா கேட்டது ஒரே கேள்வி.

"அடுத்த வருடமும் எங்களுக்கு இந்த மண்டபம் இருக்குமா?"

எங்கள் தலைவர் மரியோ நெஞ்சில் கை வைத்தார். "மண்டபம் என்பது ஒரு மனநிலை, ரிவ்கா."

"மனநிலைக்குள் எப்படி ஒத்திகை பார்ப்பது?"

"அதுதானே பரிசோதனை!"

எல்லோரும் கைதட்டினோம். 'ஆக்கபூர்வமான உரையாடல்' என்று குறித்துக்கொண்டேன்.

நாடகம் இதுதான். யூதர்களின் பாஸ்கா பண்டிகை இரவு. ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி இருக்கிறது. எலியா தீர்க்கதரிசி என்றாவது நல்ல செய்தியோடு வருவார் என்று, அவர்கள் வழக்கப்படி ஒரு கிண்ணத்தில் வைன் ஊற்றி வாசற்கதவைத் திறந்து வைக்கிறார்கள். ரிவ்கா தன் பங்குக்கு ஒரு கதிரையும் போட்டிருந்தார். கடைசிவரை அது காலியாகவே இருக்கும். யாரும் வரமாட்டார்கள். அவ்வளவுதான் நாடகம்.

நாடகத்தைக் கம்பனி விழாவாகவே எடுத்தது; ஏற்பாடு எங்கள் இராஜரட்ணம் அண்ணையின் பொறுப்பு. ஸ்காபரோவில் ஊர்ச்சங்க ஒன்றுகூடல் முதல் அரங்கேற்றம் வரை அவர் கைபடாத மேடை கிடையாது. திரை விலகிக் கொஞ்ச நேரத்தில் பதறிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, மேடையில ஒரு கதிரை சும்மா கிடக்கு, கவனிச்சனீரோ?"

"அது சும்மாதான் கிடக்கவேணும், அண்ணை. தீர்க்கதரிசிக்கு வைச்சிருக்கினம்."

"அவர் வாறனெண்டு சொன்னவரோ?"

"இல்லை."

"அப்ப வரமாட்டார். ஸ்பொன்சர் கீழ குந்தியிருக்கிறார், மேல கதிரை காலி! என்ர மேடையில உப்பிடி ஒரு மரியாதைக்கேடு நடந்ததே இல்லை."

"அண்ணை, உது நாடகம்..."

"எல்லா விழாவும் நாடகந்தான், பிள்ளை."

நான் எழுவதற்குள், அந்தத் திறந்த கதவு வழியாகவே மரியோவை அழைத்துப்போய், கதிரையில் இருத்தி, பொன்னாடையும் போர்த்திவிட்டார். மரியோ கையசைத்தார்.

குடும்பத்தின் தாயாக நடித்தவர் ரிவ்காதான். வைன் கிண்ணத்தை எடுத்து மரியோவிடம் நீட்டினார்.

"எத்தனை தலைமுறையாகக் காத்திருக்கிறோம். நல்ல செய்தி கொண்டுவந்தீர்களா?"

மரியோவுக்கு வைன் பிடிக்கும். மேடை அதைவிடப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால் உண்மை வரும். கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி செய்தார். "கட்டாயம்!"

"அடுத்த வருடமும் இந்தக் கதவு எங்களுக்குத் திறந்திருக்குமா?"

"அது தானாகவே திறக்கும்! முழுக் கண்ணாடிக் கதவு. மேலே முப்பத்தெட்டு மாடி. சாவி அட்டை உள்ள எவரும் உள்ளே வரலாம்."

"எங்களிடம் அட்டை இருக்காதே?"

"வீடுகளின் விற்பனை திங்கட்கிழமை தொடங்குகிறது, ரிவ்கா."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இப்படியொரு துணிச்சலான காட்சியைப் பார்த்ததில்லை என்று பலர் கண்ணைத் துடைத்தார்கள். ரிவ்கா மட்டும் மெதுவாகப் போய்க் கதவைச் சாத்தினார். அது ஒத்திகையில் இல்லாதது.

மண்டபம் இப்போது ஒரு பெரிய பள்ளம். ஆனாலும் 'பாரம்பரியத்தை' நாங்கள் கைவிடவில்லை. அந்தக் கதிரையை மீட்டு, விற்பனை நிலையத்தில் வெல்வெட் கயிறு கட்டி வைத்திருக்கிறோம். பின்னால் பித்தளைப் பலகை: 'இங்கே நாடகத்துக்கு என்றும் இடமுண்டு.' வாசகம் என்னுடையது.

போன வாரம் ரிவ்கா வந்தார். பலகையை வாசித்தார். கயிற்றைத் தாண்டி உட்காரப் போனார். காவலாளி ஓடிவந்து தடுத்தார்.

ரிவ்கா என் பக்கம் திரும்பினார்.

"வராதவருக்கே நாங்கள் கதிரை போட்டு வைத்தோம். வந்து நிற்கிறவளுக்கு உங்களிடம் ஒரு கதிரை இல்லையா?"

'ஆக்கபூர்வமான உரையாடல்' என்று குறித்துக்கொண்டேன்.