அண்டைக்கு மட்டும்காரர்

உலகத்தில் அண்டைக்கு மட்டும்காரர் என்று ஓர் இனம் உண்டு. அன்றைக்கு என்பதை நாங்கள் யாழ்ப்பாணத்தார் அண்டைக்கு என்போம். நீங்கள் பஸ் நிறுத்தத்தில் நின்று, இண்டைக்கும் மழைதான் போலை என்று பொதுவாக ஒரு வார்த்தை விடுவீர்கள். பக்கத்தில் நிற்பவர், "அண்டைக்கு மட்டும் நான் கனடாவுக்குப் போயிருந்தால்..." என்று தொடங்குவார். அவர்தான். கனடாவில் மழை பெய்யாதா, பனியும் சேர்த்தல்லவா கொட்டும் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். போகாத கனடாவில் எப்போதும் வெயில்தான். வாங்காத வீட்டில் கூரை ஒழுகுவதில்லை. கட்டாத பெண்ணுக்குக் கோபமே வராது.

லண்டன் தண்ணீர் இந்த இனத்துக்கு நன்றாக ஒத்துக்கொண்டுவிட்டது. டூட்டிங்கில் கொத்துரொட்டிக்குக் காத்து நிற்கிற நேரத்துக்குள் நாலு பேர் தங்கள் வாழ்க்கையைப் பிறந்ததிலிருந்து திருத்தி எழுதி முடித்துவிடுவார்கள். அதிலும் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர்கள் முதல்தரமான சரக்கு. மற்றவர்களுக்குப் போகாத நாடு மட்டும்தான் உண்டு. இவர்களுக்கு விட்டுவிட்டு வந்த நாடும் ஒன்று உபரியாகக் கையில் இருக்கிறது.

தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக்கடை வைத்திருக்கும் குகதாசனையே எடுத்துக்கொள்வோம். நல்ல மனிதர். ஒரு கறிவேப்பிலைக் கட்டுக் கேட்டால் இரண்டு கட்டுத் தருவார், கூடவே தன்னுடைய ஜேர்மனிக் கதையையும் தருவார். அந்தக் கதை இதுதான். ஜேர்மனியில் அகதிகள் விடுதியில் அவரும் செபமாலைமுத்து என்ற கூட்டாளியும் ஒரே அறையில் கிடந்து, ஒரே சட்டியில் சமைத்து, வெளியே போகிறவர் எவரோ அவருக்கு என்று ஒரே ஒரு குளிர்ச்சட்டையை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். லண்டனுக்குப் போனால் இரண்டு பேருமாகத்தான் போவது என்று பேச்சு. ஆனால் ஆட்களைக் களவாக அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவருக்குத்தான் இடம் என்றுவிட்டான். குகதாசன் சொல்லாமல் கொள்ளாமல் ரயில் ஏறிவிட்டார். எப்படியோ மணந்து பிடித்து முத்து ஸ்டேசனுக்கு ஓடிவந்து, ரயில் கண்ணாடியைத் தட்டித் தட்டி ஏதோ சொன்னார். குகதாசன் ஒரு ஜேர்மன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத பேப்பர், அதையும் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"அண்டைக்கு மட்டும் அந்தப் பேப்பரை மடிச்சு வைச்சிருந்தால்..." என்று அவர் பெருமூச்சு விடும்போது கேட்பவரும் கூடவே ஒரு பெருமூச்சு விடுவார். பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, செத்தவருக்கு அந்தியேட்டி, எதையும் விடாமல் பதினைந்து வருடமாகச் சொல்லிச் சொல்லிக் கதை நன்றாக மெருகேறிவிட்டது. இப்போது அதில் பனி கூடக் கொட்டுகிறது. ஓகஸ்ட் மாதத்தில் ஜேர்மனியில் எங்கே பனி கொட்டியது என்று மனைவி பாலாம்பிகை ஒருமுறை எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டு, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்க வேண்டி வந்தது.

சரி, இவ்வளவு உருகுகிற மனிதர் அந்த முத்துவை ஒரு நாளாவது தேடினாரா? நல்ல கேள்வி கேட்டீர்கள். தேடினால் கிடைத்துவிடுவாரே! யாழ்ப்பாணத்தானைக் கண்டுபிடிக்க இரண்டு போன் போதும், மூன்றாவது போனில் அவன் சாதகமே வந்துவிடும். குகதாசன் தேடவில்லை. அவருக்குப் பயம். முத்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிறகு என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்தை மட்டும் அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் டூட்டிங் வாசகர் வட்டம் ஒரு யப்பான் நாவலைக் கையில் எடுத்தது. அந்த வருடம்தான் ஊரில் யுத்தம் பேரழிவோடு முடிந்திருந்தது, ஊரைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் வரவில்லை. அதனால் தூரத்து நாட்டுக் கதையொன்றாய்ப் பார்ப்போம் என்று தலைவர் அருட்பிரகாசம் சொல்ல, எவரும் மறுக்கவில்லை. கதையில் ஒரு துறைமுகப் பட்டினம். மூடுபனி இறங்கும் நாட்களில் அங்கிருந்து ஒரு படகு கடந்த காலத்துக்குப் போகும். ஏறுகிறவர் பனி விலகுமுன் திரும்பிவிட வேண்டும். அங்கே போய்த் தலைகீழாக நின்றாலும் நடந்தது மாறாது. இருந்தும் ஏறுகிறார்கள், பாவங்கள். தாயோடு கோபித்துக்கொண்டு போன நர்ஸ் ஏறுகிறாள், காதலைச் சொல்லாமல் விழுங்கிய பல்வைத்தியர் ஏறுகிறார், பக்கத்து ஊர்க் கூட்டாளியை நட்டாற்றில் விட்ட சமையல்காரன் ஏறுகிறான்.

வட்டத்தில் எல்லாரும் வாசித்துவிட்டு, யப்பான்காரர் அச்சொட்டாக எங்கடை ஆக்கள்தான் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். சமையல்காரனைப் பற்றிப் பேச குகதாசனை விட்டால் வேறு யார்? அவர் மூன்று கிழமையாகக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினார். உருக வேண்டிய இடத்தில் உண்மையாகவே உருகினார். வெளியில் பாலாம்பிகை துவாயும் கையுமாக நின்று, எப்போது அழுது முடிப்பார் என்று காத்துக்கொண்டிருந்தார்.

பாலாம்பிகை சும்மா நிற்கவில்லை. பெரிய மனதுக்காரி. தமக்கையின் மருமகன் வழியாக விசாரித்து முத்துவைக் கண்டுபிடித்தே விட்டார். முத்து இன்னும் ஜேர்மனியில்தான். வெம்பிளியில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார், ஞாயிற்றுக்கிழமை இரவு பிளேனில் திரும்புகிறார். அதே ஞாயிறு பின்னேரம்தான் வாசகர் வட்டம். மத்தியானம் போய்க் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், கூட்டத்துக்கு வேறு ஆள் இல்லாமலா போகும் என்று பாலாம்பிகை கெஞ்சினார். குகதாசன் வெளிறிப்போனார். பேர் போட்டு நோட்டீஸ் அடித்தாயிற்று என்றார்.

"பேச்சை முடிச்சிட்டு ஆறுதலாப் பாப்பம்," என்றார்.

ஆறுதலா! எங்கள் பேச்சில் அதற்கு அவசரமில்லாமல், பிறகு என்று பொருள். லண்டன் தமிழர் எதையாவது செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தால், அதை ஆறுதலாகச் செய்வோம் என்பார்கள். செத்தவீட்டில் சந்தித்தால் ஆறுதலாக் கதைப்போம், கதைப்பது அடுத்த செத்தவீட்டில். புருசனை நன்றாகத் தெரிந்த பாலாம்பிகை முத்துவுக்கே போன் எடுத்து, எயார்போட்டுக்குப் போகிற வழியில் மண்டபத்துக்கு வாருங்கள் அண்ணை என்று விலாசம் கொடுத்தார். குகதாசனுக்கும் அதைச் சொன்னார். ஒளிக்க வழியில்லாமல் செய்துவிட்டார்.

கூட்டம் வழக்கம்போல ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் தொடங்கியது. விளக்கேற்றினார்கள். ஊரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்தினார்கள், அதில் மட்டும் எவரும் அவசரப்படவில்லை. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, தலைமையுரையில் சொல்ல மறந்தது. கடைசியாகக் குகதாசன் எழும்பிச் சமையல்காரனைத் தொட்டுப் பேசத் தொடங்கவும், கதவைத் திறந்துகொண்டு ஒரு மொட்டைத்தலை மனிதர் சூட்கேசோடு உள்ளே வந்து பின்வரிசையில் உட்காரவும் சரியாக இருந்தது.

குகதாசனுக்கு ஆளை உடனே தெரிந்துவிட்டது. தலைமயிர் போனாலும் முத்துவின் நடை போகவில்லை. இறங்கிப் போயிருக்கலாம். அது என்ன பெரிய மண்டபமா? ஆனால் மைக் கையில் இருக்கும்போது இறங்கிப் போன தமிழன் எங்கேயாவது இருக்கிறானா? தண்ணீர் ஒரு மிடறு குடித்தார். பிறகு பேசினார் பாருங்கள், அப்படி அவர் ஆயுளுக்கும் பேசியதில்லை. கூட்டாளியைக் கைவிட்டவனின் நெஞ்சு எப்படி வேகும், ஒரு மன்னிப்புக்காக அவன் எந்தப் படகிலும் ஏறுவான் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். எல்லாம் முத்துவுக்காகத்தான். அது அவனுக்கு விளங்கும் என்று நினைத்தார். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். முத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கேள்வி நேரம் வந்தது. முத்து மெல்ல எழுந்தார்.

"எனக்கு இலக்கியம் ஒண்டும் தெரியாது. நீங்கள் சொன்னதிலை ஒரு சின்னச் சந்தேகம். அந்தச் சமையல்காரன்ரை கூட்டாளி உயிரோடைதானே இருக்கிறான்? பக்கத்து ஊரிலைதானே இருக்கிறான்? படகு ஏறிப் பழங்காலத்துக்குப் போறவன், அங்கை ஒருக்கால் போயிருக்கேலாதோ?"

பாலாம்பிகை புருசனைப் பார்த்தார். கடவுளே இறங்கிவந்து கதவைத் திறந்து வைத்தாலும் இதைவிட அகலமாகத் திறக்க முடியாது. குகதாசனுக்கு மச்சான் என்று ஒரு சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் பழக்கம் என்று ஒரு பிசாசு இருக்கிறதே.

"அருமையான கேள்வி," என்றார். "இதை மூண்டு கோணத்திலை பாக்கலாம்."

மூன்று கோணத்திலும் பார்த்தார். மூன்றாவது கோணம் முடியத் தேநீர் வந்தது, ரோல்ஸ் வந்தது. குகதாசன் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து முத்துவின் கையைப் பிடித்தார். அதற்குள் அருட்பிரகாசம் பின்னால் நின்று, அண்ணை, பொன்னாடையும் படமும் இருக்கு, எல்லாரும் நிக்கினம் என்று தோளில் தட்டினார்.

"இரு மச்சான், வாறன். ஆறுதலாக் கதைப்பம்," என்றார் குகதாசன்.

"ஓம், நீ போய்ட்டு வா," என்றார் முத்து.

பொன்னாடை போர்த்தினார்கள். படத்துக்கு ஒருமுறை நின்றார்கள், படத்தில் கண்ணை மூடிவிட்ட ஒருவருக்காக இன்னொருமுறை நின்றார்கள். முத்துவை எயார்போட்டுக்குக் கொண்டுபோக வந்த மினிகாப்காரன் கீழே ஹோர்ன் அடித்தான். முத்து சூட்கேசை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற பாலாம்பிகையிடம் வந்தார்.

"குகன் நல்லாப் பேசினான், தங்கச்சி. எனக்கு அவனிலை கோவம் ஒண்டும் இல்லை. அண்டைக்கு நான் ஓடிவந்தது மறிக்க இல்லை, குளிர்ச்சட்டையைக் குடுக்கத்தான். லண்டன் குளிரெல்லே. அதைச் சொல்லிவிடுங்கோ."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் குகதாசன் பொன்னாடையோடு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். இம்முறை கண்ணாடி பார்த்துப் பழகாத அழுகை. முத்து என்ன சொன்னான் என்று கேட்டார். பாலாம்பிகைக்குச் சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

"ஒண்டு சொன்னவர்தான். நான் சொல்லமாட்டன். நம்பர் இருக்கு, நீங்களே எடுத்துக் கேளுங்கோ."

நம்பர் அன்றிரவே பிரிட்ஜ் கதவில் ஏறியது. குகதாசன் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறார். முத்து திட்டித்தான் இருப்பான் என்று ஒரு நாள் நினைக்கிறார், இல்லை, மன்னித்திருப்பான் என்று இன்னொரு நாள் நினைக்கிறார். பால் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார். கடைக்கு வருகிறவர்களுக்கு இப்போது கறிவேப்பிலையோடு புதுக் கதை கிடைக்கிறது: "அண்டைக்கு மட்டும் அந்தப் படத்துக்கு நிக்காமல் விட்டிருந்தால்..." பழையதைவிட இது நன்றாக எடுபடுகிறதாம்.

முத்து சொன்னது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அந்த மனிதர்தான் என்று நினைக்கச் சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டு வாசிக்கும்போது இடையில் எங்கேயோ உங்களுக்கும் ஒருவரின் பேர் வந்து போயிருக்கும். முதலில் இதை வாசித்து முடிப்போம் என்றுதானே அதைத் தள்ளிவைத்தீர்கள்?