பூட்டுக்கு ஒரு பொட்டலம்

பல் டாக்டர் கைப்பிடியைத் திருப்பினார். திரும்பியது. தோள் கொடுத்துத் தள்ளினார். கதவு அசைந்து கொடுக்கவில்லை.

உள்ளே அவர் மனைவி நேர்முகத் தேர்வில் இருந்தாள். பிள்ளைகளுக்காக விட்ட வேலையை வருஷக்கணக்குக்குப் பிறகு தேடிப் பிடிக்கும் முயற்சி. முதல் சுற்று கணினித் திரையில். தேறினால் கையோடு அலுவலகத்துக்கு நேரில் போயாக வேண்டும். "மத்தியானம் வரைக்கும் உங்க மிஷின் எதையும் தொடாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். டாக்டரும் தலையாட்டியிருந்தார்.

மாடிப்படிக்குக் கீழே மூன்று பழைய கணினிகளை அடுக்கி, டாக்டர் ஒரு குடித்தனம் நடத்திவந்தார். பெரியவன், நடுவுலான், கடைக்குட்டி என்று பெயர். கதவுப் பூட்டு, விளக்கு, தண்ணீர் மோட்டார், இணையம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மென்பொருளை அடுத்தவன் கொடுத்தபடியே போட்டுக்கொள்ள டாக்டருக்கு மனசு வராது. இங்கே வெட்டி, அங்கே ஒட்டி, தன் கைப்படப் பொட்டலம் கட்டிப் பெரியவனிடம் கொடுத்து வைப்பார். தம்பிகள் இருவரும் அண்ணனிடமிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

அன்று காலை, பூட்டுக்கான பொட்டலத்தில் ஒரே ஒரு வரியை மாற்றினார். மிஷினைத்தானே தொடக்கூடாது, பொட்டலத்தைத் தொட்டால் என்ன என்பது அவர் கட்சி. மாற்றி முடித்துச் சோதித்துப் பார்க்க வந்த இடத்தில்தான் இந்தக் கதவு.

பழைய பொட்டலத்தையே திரும்பப் போட்டுவிடலாம் என்று படிக்கட்டுக்கு ஓடினார். பெரியவனிடம் அது இல்லை. இடத்தை அடைக்கிறது என்று போன வாரம் அவரேதான் கழித்துக் கட்டியிருந்தார். கடைக்குட்டியிடம் அதற்கும் முந்தைய ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பிப் போட்டார். அது தனியாக வராமல் தன் காலத்துக் கூட்டாளிகளையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தது. வீட்டு விளக்குகள் அணைந்தன. எங்கோ மோட்டார் உறுமத் தொடங்கியது.

சற்று நேரத்தில் மாமியார் வந்து, வெளியே வெயில் காய்கிறது, ஜன்னலோரம் மட்டும் தண்ணீர் கொட்டுகிறதே என்று விசாரித்தார். தொட்டி கழுவுவதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, டாக்டர் நடுவுலானை அணைத்தார். மோட்டார் நின்றது. ஆனால் பூட்டிடம் பேசிவந்தவனும் நடுவுலான்தான்.

மறுபடி எழுப்பினார். எழுந்ததும் அவன் பொட்டலம் கேட்டு அண்ணனைத் தேடினான். அண்ணன் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டிய கடைக்குட்டியோ வாயைத் திறக்கவில்லை. அவனையும் ஒரு தட்டுத் தட்டி எழுப்பினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். தட்டினார். வீட்டில் இணையம் நின்றுபோனது.

டாக்டர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பல்லைப் பிடுங்கும்போது பக்கத்துப் பல்லும் ஆடினால் என்ன செய்வது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதற்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. ஒரு வாரமாக அவள் கண்ணாடி முன் நின்று பதில் சொல்லிப் பழகியது கண்ணுக்குள் வந்தது. கேள்வி கேட்டவரே அவர்தான். கடைசி நாள் ஒரு கேள்விக்கும் அவள் தடுமாறவில்லை.

மெல்லப் போய்க் கதவில் காதை வைத்தார். தணிந்த குரல் கேட்டது. செத்துப்போன திரையிடம் கெஞ்சுகிறாளோ என்று தோன்றியது. தட்டிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவும் தைரியம் இல்லை.

அடுத்த தெருத் தச்சருக்குப் போன் போட்டார். வந்தவரிடம், சத்தமே வரக்கூடாது, பூட்டு போனாலும் பரவாயில்லை என்று காதோடு சொன்னார்.

"பூட்டு புதுசா இருக்கே சார்."

"கழட்டுங்க. உள்ள என் பொண்டாட்டி மாட்டிக்கிட்டு இருக்கா."

தச்சர் திருப்புளியால் ஒவ்வொரு திருகாகப் பக்குவமாகக் கழற்றினார். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூட்டு முழுசாகத் தச்சர் கையோடு வந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. டாக்டர் பாய்ந்து தள்ளினார்.

கதவு அப்போதும் அசையவில்லை.

தச்சர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓட்டைக்குள் விரல்களை விட்டு மேலும் கீழும் துழாவினார். அப்புறம் குனிந்து கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது டாக்டரின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டவர்போல் பூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பூட்டு திறந்துதான் சார் இருந்திருக்கு, அம்மாதான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, ஸ்டூலை வேற முட்டுக் கொடுத்துட்டு, போனை மேஜைமேல எதிர்ல நிறுத்தி வெச்சு, அதுல தெரியறவங்ககிட்ட சிரிச்சு சிரிச்சு பதில் சொல்லிக்கிட்டே, உங்களை மட்டும் உள்ள விட்டுடாதேன்னு மேஜைக்கு அடியில எனக்குச் சைகை காட்டுறாங்க."