ஓநாய்கள் தண்ணீருக்குள் வருவதில்லை

அந்த விளையாட்டுக் கம்பெனியைத் திருத்தியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவு செய்தேன்.

எனக்கு அந்தத் தகுதி உண்டு. நான் லிஃப்ட் பரிசோதகர். இருபத்தாறு வருடமாக மாடி மாடியாக ஏறி இறங்கிக் குறை எழுதுவதுதான் பிழைப்பு. கதவு சரியாக மூடவில்லை, மணி அடிக்கவில்லை, கயிற்றில் இழை பிரிந்திருக்கிறது. என் கண்ணில் படாத குறை ஏதாவது இருந்தால் அது என்னிடமே இருக்கும். அதை என் மனைவி பார்த்துக்கொள்வாள்.

விளையாட்டு என்றால் சின்ன விளையாட்டு இல்லை. வாள், குதிரை, டிராகன், மாயக் காடு என்று ஒரு முழு உலகமே பெட்டிக்குள் இருக்கிறது. டி.வி.யில் செருகி ஆடும் அந்தப் பெட்டி எங்கள் மகளுடையது. வாண்டு என்று கூப்பிடுவோம். பதினேழு வயதான பிறகும் வாண்டுதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றுகூட ஆடிக்கொண்டிருந்தாள். தன்னுடைய வாள்காரியை ஒரு பாலத்தின் மேல் நிறுத்தி, சேமித்துவிட்டு, "வந்து முடிச்சுக்கறேன். அப்பா, நீ மட்டும் தொட்டுடாதே" என்றாள். அவள் அப்படிச் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு தடவை நான் தப்பான பொத்தானை அழுத்தி அவள் குதிரையை விற்றிருக்கிறேன்.

அவள் திரும்பி வரவில்லை. இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது.

நான் தொடவில்லை. அந்த விளையாட்டில், விட்ட இடத்திலிருந்து தொடர ஆட்டத்தைச் சேமித்து வைக்க இரண்டே இடம். முதல் இடத்தில் வாண்டுவின் வாள்காரி. இரண்டாவது இடத்தில் நான் எனக்கென்று ஒரு மாவீரனை உண்டாக்கிக்கொண்டேன். தோள் அகலம், தலை நிறைய முடி. பதினோரு மாதம் பாடுபட்டு அவனை அறுபத்திரண்டாம் நிலைக்குக் கொண்டுவந்தேன். டிராகன்கள் அவனைக் கண்டால் வேறு வழியாகப் பறக்கும்.

ஆனால் தினமும் முதலில் செய்வது வேறு. பட்டியலில் முதல் வரிசையைப் பார்ப்பேன். சின்னப் படம் ஒன்று தெரியும். பாலம், மழை, முதுகு காட்டி நிற்கும் பெண். திறக்க மாட்டேன். பார்ப்பேன், அவ்வளவுதான்.

மனைவிக்கு இதெல்லாம் பிடிக்காது. பெட்டியின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, "அதைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சை அடைக்குது" என்று சொல்லிவிட்டாள். அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. ஒரு பார்வையில் நாற்பது குழந்தைகளை உட்கார வைப்பவள். நான் ஒரே ஆள். எத்தனை நாள் தாங்குவேன்? அதனால்தான் இந்தக் கடிதத் திட்டம். கடிதம் எழுதுகிறவன் விளையாடித்தானே ஆகவேண்டும்?

"என்ன நோட்டு இது?"

"விளையாட்டை எப்படி மேம்படுத்தலாம்னு கம்பெனிக்கு எழுதறேன். பொதுநலம்."

"படிங்க பார்க்கலாம்."

"முதல் குறை. ஊர்ல இருக்கற கொல்லன் எத்தனை தடவை போனாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றான்."

"இந்த வீட்லயும் ஒருத்தர் இருபது வருஷமா 'என் கண்ணாடி எங்கே'ன்னு கேக்கறார். நான் யாருக்கு எழுதறது?"

"இரண்டாவது. வீரன் பதினெட்டு வாளைத் தூக்கிட்டு ஓடறான். பத்தொன்பதாவதா ஒரு பூவைப் பறிச்சா நடக்க முடியல."

"கடைக்கு அனுப்பினா நீங்களும் அப்படித்தான். அடுத்தது?"

மூன்றாவதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஒரு தாய் ஓடி வந்து, "மகளைக் காணோம், உடனே வாங்க" என்று அழுகிறாள். வீரன் நாற்பது நாள் மீன் பிடித்துவிட்டுச் சாவகாசமாகப் போனாலும், மகள் அதே குகையில் ஒரு கீறல் இல்லாமல் காத்திருக்கிறாள். யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை. வெறும் காய்ச்சல்தானே என்று நாங்கள் நாலு நாள் பொறுத்தோம். இதை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். மாற்ற வேண்டாம் என்று அடித்து, மறுபடியும் எழுதியிருந்தேன்.

அவள் நோட்டை வாங்கி அதைப் படித்தாள். நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். பிறகு, "எழுதுங்க. ஆனா விவரமா எழுதுங்க. அரைகுறையா எழுதினா எவன் மதிப்பான்?" என்றாள்.

அனுமதி கிடைத்துவிட்டது! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். விவரமாகவே எழுதினேன். ஒன்பதாவது குறை: சேமிக்க இரண்டே இடம். உயிருக்குச் சமமானதை எப்போதும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும், லிஃப்டைக்கூட யாரும் ஒற்றைக் கயிற்றில் விடுவதில்லை. பதினோராவது குறை: ஓநாய்கள் கணுக்கால் அளவுத் தண்ணீருக்குள்கூட வருவதில்லை, கரையில் நின்று உறுமிவிட்டுப் போய்விடுகின்றன. இப்படியாக இருபத்திரண்டு.

இருபத்துமூன்றாவதுதான் என்னை உலுக்கியது.

ஒரு மாலை பட்டியலைத் திறந்தேன். முதல் வரிசையில் பாலம் இல்லை. "காட்டு ஓரம்" என்று இருந்தது. வாள்காரி ஒரு மரத்தடியில் நின்றாள். அடுத்த வாரம் காட்டின் உள்ளே. அதற்கடுத்த வாரம் உடைந்த ஆலைக்குப் பக்கத்தில்.

ஆள் இல்லாமல் நகரும் லிஃப்ட் ஆபத்தானது. உடனே மூடி முத்திரை வைப்போம். நான் நோட்டை எடுத்து, "நிறுத்தி வைத்த பாத்திரம் தானாக நகர்கிறது" என்று எழுதினேன். அதன் கீழே, "தயவுசெய்து இதைச் சரிசெய்ய வேண்டாம்" என்றும் எழுதினேன். என் உத்தியோகத்தில் அப்படி ஒரு வரி எழுதியதே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம். தினமும் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். எங்கேயோ போகிறாள், எங்கே போகிறாள்? பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் ஆசைப்பட்டேன்.

நாலு மாதம் போனது. ஒருநாள் பொறுக்க முடியாமல் தலைவலி என்று சொல்லி மத்தியானமே வந்துவிட்டேன். வாண்டுவின் அறைக்குள் பேச்சுச் சத்தம்.

"மெதுவா. வழுக்கும். அப்படித்தான், இன்னும் நாலே அடி."

கதவைத் தள்ளினேன். பெட்டியின் துணி மடித்து நாற்காலியில் இருந்தது. மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் என் கண்ணாடி, கையில் கன்ட்ரோலர். திரையில் வாள்காரி ஓர் ஓடைக்குள் நடந்துகொண்டிருந்தாள். கரையில் மூன்று ஓநாய்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"நீயா?"

"சத்தம் போடாதீங்க. ஓநாய் இருக்கு."

"தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாளே!" திரையைக் காட்டினேன். "அவ நிறுத்தின இடத்துலயே இருக்கணும்னு நான் எவ்வளவு..."

"மழையில நிறுத்தியிருந்தா." அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரியில என்கிட்ட சொன்னா. 'அம்மா, அவளை மழையிலேயே விட்டுட்டு வந்துட்டேன், சளி பிடிக்கப் போகுது'ன்னு சிரிச்சா. ரெண்டு வருஷமா ஒவ்வொரு மழைக்கும் எனக்கு அதுதான் ஞாபகம். பிள்ளை நனையுது, நீங்க பட்டியலைப் பார்த்துட்டு இருக்கீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாமா?"

"உனக்குத்தான் விளையாடவே தெரியாதே!"

"தெரியாது. முதல் மாசம் முழுக்க ஓநாய் கடிச்சுச் செத்தா. செத்தா மறுபடியும் பாலத்துலயே வந்து நின்னா. ஒவ்வொரு தடவையும் திரும்பக் கிடைச்சா." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "அப்புறந்தான் உங்க நோட்டு வந்துச்சு. பதினோராவது குறை. ஓநாய் தண்ணிக்குள்ள வராது. அதான் ஓடை வழியாவே கூட்டிட்டு வரேன்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். விவரமாக எழுதுங்க என்று ஏன் சொன்னாள் என்பது அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு குறைகளை எழுதி அவளுக்கு வழிகாட்டிப் புத்தகம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஓடை முடிந்த இடத்தில் ஒரு சின்ன வீடு. வாண்டு எப்போதோ வாங்கிப் போட்ட வீடு. வாள்காரி கதவைத் திறந்து உள்ளே போனாள். அடுப்பில் நெருப்பு எரிந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தாள். வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் இருவரும் அழுதோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் அழுதோம்.

"சேவ் பண்ணிட்டேன்" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே. பட்டியல் வந்தது. முதல் வரிசையில் அடுப்பு, நெருப்பு, வாள்காரி. இரண்டாவது வரிசையிலும் அடுப்பு, நெருப்பு, வாள்காரி.

"என் மாவீரன் எங்கே?"

"ஒன்பதாவது குறை. ஒத்தைக் கயிறு போதாதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? ரெண்டு இடத்துலயும் வச்சுட்டேன்."

கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன். வரவில்லை. அவள் நோட்டையும் பேனாவையும் என் மடியில் போட்டாள்.

"கடிதத்தை அனுப்புங்க. ஆனா பதினொண்ணை மட்டும் அடிச்சிடுங்க. வேற யாராவது அம்மாவுக்கு வேண்டியிருக்கும்."

அடித்தேன். பிறகு மெல்ல, "காலையில அவளைக் கொஞ்ச தூரம் நான் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கன்ட்ரோலருக்குக் கை நீட்டினேன்.

அவள் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"தொடக்கூடாதுன்னு உங்களைத்தானே சொன்னா?"